கிராம சபையில் பேசியது பதிவேட்டில் ஏற என்ன செய்யணும்? மலையூர்க்காரங்க சொல்லுங்க

ஹட்டிக்காரன் · கோத்தகிரி பக்கம்

ஜனவரி 26 கிராம சபை வருது. இந்தத் தடவை எங்க ஹட்டியில (மலைக் குடியிருப்பை இங்க அப்படித்தான் சொல்வோம்) இருந்து வீட்டுக்கு ஒருத்தராவது வரணும்னு நாங்க சில பேர் வீடு வீடா சொல்லிட்டு வர்றோம். எல்லாரும் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: "போய் என்ன ஆகப் போகுது?"

எங்க பிரச்சினை தண்ணி. ஹட்டிக்கு மேல சோலைக்குள்ள ஒரு ஊத்து இருக்கு. அங்கிருந்து இறங்குற இரும்புக் குழாய் எங்க அப்பா காலத்துல போட்டது. துருப்பிடிச்ச இடத்துல எல்லாம் சைக்கிள் டியூபைச் சுத்திக் கட்டி வச்சிருக்கோம். காட்டெருமை மிதிச்சா மறுபடி ஒடையும். பிப்ரவரி தாண்டினா கடைசி வரிசை வீடுகளுக்குத் தண்ணி ஏறாது, பொம்பளைங்க குடத்தோட மேல போய்த்தான் ஆகணும்.

ஊராட்சியில கேட்டா "அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாம கை வைக்க முடியாது"ங்கிறாங்க. வனத்துறையில கேட்டா "ஊராட்சி முறைப்படி எழுதட்டும்"ங்கிறாங்க. போன கிராம சபையில எங்க பெரியப்பா எழுந்து இதைத்தான் பேசினாரு. கூட்டமே ஆமான்னு சொல்லுச்சு. அப்புறம் தீர்மான நகல் வாங்கிப் பார்த்தா குழாயைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. இப்போ தேர்ந்தெடுத்த தலைவரும் இல்ல, அரசாங்கம் போட்ட தனி அலுவலர்தான்.

பேசினது பதிவேட்டுல ஏறணும்னா என்ன செய்யணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


பழைய செயலர் · திண்டுக்கல் மாவட்டம்

தம்பி, நான் ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மாவட்டம் இல்லை என்றாலும் நடைமுறை ஒன்றுதான்.

உங்கள் பெரியப்பா பேசியது ஏன் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும். பல ஊராட்சிகளில் ஆட்கள் வந்து உட்காரும்போதே வருகைப் பக்கத்தில் கையெழுத்து வாங்கி விடுவார்கள். மேலிடத்திலிருந்து வந்த கூட்டப்பொருள், அதாவது டெங்கு, நெகிழி, குடிநீர்ச் சிக்கனம், வீடு திட்டப் பயனாளிகள், இதெல்லாம் முன்கூட்டியே அச்சடித்து இருக்கும். அதை வாசிப்பார்கள். டீயும் பன்னும் வரும். கூட்டம் கலையும். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதுவது மறுநாளோ அதற்கு மறுநாளோ. எழுதுகிறவருக்கு எது நினைவில் இருக்கிறதோ, எது யாருக்கும் சிக்கல் தராதோ, அது ஏறும். எல்லா இடத்திலும் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். வரி வசூல், தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, கணக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். ஆனால் நஷ்டம் ஊருக்குத்தான்.

அதனால் பேச்சை நம்பாதீர்கள், எழுத்தை நம்புங்கள். கூட்டத்துக்கு முன்பாகவே உங்கள் பொருளை மனுவாகக் கொடுத்து, கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். இன்னொரு பிரதியில் தேதி, முத்திரையோடு ஒப்புகை வாங்கி வையுங்கள். தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போய்ச் சபையில் வாசியுங்கள். "இதைப் பதிவேட்டில் எழுதி, எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கடைசித் தீர்மானத்துக்கு அடியில் கோடு போட்ட பிறகு, அந்தக் கோட்டுக்குக் கீழே ஊரார் கையெழுத்துப் போடட்டும். அப்போது நடுவில் எதையும் சேர்க்கவும் முடியாது, விடவும் முடியாது. அந்தப் பக்கங்களை அங்கேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை உண்டு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 3. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஊராட்சித் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, நடக்கும் வேலைகளை ஆராய்வது எல்லாம் சபையின் வேலை. தலைவர் பதவி காலியானதால் உங்கள் உறுப்பினர் பதவி காலியாகவில்லை.

இன்னொன்று, ஆள் எண்ணிக்கை. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆள், 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. மலையில் ஹட்டிக்கும் ஹட்டிக்கும் இடையே தூரம் அதிகம், பஸ் குறைவு. ஆகவே உங்கள் ஹட்டி மட்டும் போனால் போதாது, பக்கத்து ஊர்களோடும் பேசுங்கள்.


குந்தா மழை

ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனா நீலகிரியில பாதிப் பேருக்கு மேல கிராம சபைங்கிறதே கிடையாது. இதை யாராவது எழுதுவாங்கன்னு ரொம்ப நாளா காத்திருந்தேன்.

மாவட்டத்துல கிராம ஊராட்சி மொத்தம் 35தான். அதிகரட்டி, பிக்கட்டி, கேத்தி, சோலூர், ஜெகதளா, உலிக்கல், கீழ்குந்தா, நடுவட்டம் எல்லாமே பேரூராட்சி. 2011 கணக்கெடுப்புல நீலகிரியில 7,35,394 பேர், அதுல நூத்துக்கு 59 பேர் நகர்ப்புறம்னு பதிவு. நேர்ல வந்து பார்த்தா ஹட்டி, சுத்தித் தேயிலை, கீழே கேரட் பாத்தி. அரசாங்கக் காகிதத்துல நாங்க நகரவாசிகள். ஆகஸ்ட் 15 அன்னைக்குப் பக்கத்து ஊராட்சியில மைக் செட் போட்டு சபை நடக்குறதை நாங்க பஸ்ஸுல போகும்போது பார்ப்போம்.

எங்க மாதிரி ஊர்களுக்கு என்ன வழி?


பழைய செயலர்

நல்ல கேள்வி. உங்களுக்குப் பகுதி சபை உண்டு. வார்டு குழு, பகுதி சபை விதிகளை 2022இல் அரசு வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரிப்பார்கள். அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லோரும் சபையில் உறுப்பினர். கவுன்சிலர்தான் கூட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மாநகராட்சிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது என்று பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். ஒருமுறைகூடக் கூட்டவில்லை என்றால் அந்தப் பதிலையே வைத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போங்கள். நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது, கேள்வி கேட்க உங்களுக்கு ஓர் ஆள் இருக்கிறார். கிராமங்களுக்கு இப்போது அதுவும் இல்லை.


பச்சை இலை 71

எல்லாரும் வழி சொல்றீங்க, நன்றி. ஆனா நான் ஒண்ணு கேக்கணும். 2016ல இருந்து 2019 வரைக்கும் உள்ளாட்சித் தேர்தலே நடக்கல, தனி அலுவலர் ஆட்சி. 2019 டிசம்பர்ல தேர்தல் வச்சாங்க. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோட முடிஞ்சுது, மறுபடி தனி அலுவலர். அரசியல் சட்டம் 243இ என்ன சொல்லுது? அஞ்சு வருஷம்தான், அது முடியறதுக்குள்ள அடுத்த தேர்தலை முடிக்கணும். சட்டம் இவ்வளவு தெளிவா இருக்கும்போதே இப்படி நடந்தா, பதிவேட்டுல கோடு போட்டு என்ன பிரயோசனம்? பசுந்தேயிலை விலைக்காக உண்ணாவிரதம் இருந்தவங்க நாங்க. வரிசையா மனு கொடுத்தோம். மனுவெல்லாம் எங்க இருக்குன்னே தெரியல. எனக்கு நம்பிக்கை போயிடுச்சு.


மேல்மலை விவசாயி · கொடைக்கானல்

பச்சை இலை அண்ணே, உங்க கோபம் நியாயம். தேர்தல் வேணும்னு கேக்குறதும் கிராம சபையில தீர்மானமாப் போட வேண்டிய விஷயந்தான். ஆனா தேர்தல் வர்ற வரைக்கும் சும்மா இருந்தா அந்த நாளுக எல்லாம் அவங்க கணக்குல போயிரும்.

எங்க ஊர்ல நடந்ததைச் சொல்றேன், ஊராட்சி பேரு வேணாம். பூண்டும் உருளையும் கேரட்டும் எங்க பொழப்பு. தோட்டத்துல இருந்து ரோட்டுக்கு மூட்டையைக் குதிரையிலதான் ஏத்தணும். அந்தப் பாதைக்குக் கல் பாவித் தாங்கன்னு பல சபையில கேட்டோம், "நிதி இல்லை"ன்னே பதில் வந்துச்சு. எங்க தங்கச்சி மகன் காலேஜ் படிக்கிறான். அவன் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்துல எங்க ஊராட்சி பேரைப் போட்டுப் பார்த்தான். எந்த வேலைக்கு, எந்தத் தேதியில, எவ்வளவு பணம் போயிருக்குன்னு வரிசையா வருது. 15ஆவது நிதிக்குழுப் பணத்துல எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு மிச்சம்னும் தெரியுது. அதுல குடிநீர், சுகாதாரத்துக்குன்னு 60 சதவீதம் கட்டுப்பட்ட பணம், மீதி 40 சதவீதம் ஊர் தன் தேவைக்குச் செலவழிக்கலாம். அந்த 40ல மிச்சம் கெடந்துச்சு!

அவன் அந்தப் பக்கத்தை அச்செடுத்துட்டு வந்தான். அடுத்த சபையில யாரையும் திட்டல. அச்செடுத்த தாளை நீட்டி, "இந்தப் பணத்துல எங்க பாதையை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துல சேருங்க"ன்னு மட்டும் கேட்டோம். நூறு பேருக்கு முன்னாடி கணக்கு கையில இருக்கும்போது "நிதி இல்லை"ன்னு சொல்ல யாருக்கும் வாய் வரல. திட்டத்துல சேர்ந்துச்சு. முழுப் பாதையும் இல்ல, ஏத்தமா இருக்கிற பாகம் மட்டும் ஆச்சு. இன்னும் கெடக்கு, கேட்டுக்கிட்டே இருக்கோம்.

கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு நாளுக்குத் திண்டுக்கல் இறங்கி ஏறினா எங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. அதனாலதான் சொல்றேன், ஊருக்குள்ளயே நடக்குற இந்தச் சபையைக் கை விட்டுடாதீங்க.

ஹட்டிக்காரன் தம்பி, உங்க குழாய் அந்த 60 சதவீதத்துலயே வரும். குடிநீர்தானே.


தேவாலாக்காரி

பணம் கிடைச்சாலும் குழாய் காப்புக்காட்டுக்குள்ள போகுதே, அதுதான் முடிச்சு. அதுக்கு ஒரு வழி இருக்கு, நீலகிரியில ரொம்பப் பேருக்குத் தெரியாது. நான் பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் ஊர்களோட சேர்ந்து இதே வேலைதான் செய்றேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

2006 வன உரிமைச் சட்டத்தைப் பத்திப் பேசினா எல்லாரும் பட்டாவை மட்டும்தான் நினைக்கிறாங்க. அதுல பிரிவு 3(2)னு ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, ரோடு, குடிநீர்க் குழாய், சின்னக் குளம் இப்படி 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்கலாம்னு அது சொல்லுது. ஒவ்வொரு வேலைக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குக் குறைவா இருக்கணும். வெட்டுற மரம் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, கிராம சபை பரிந்துரைக்கணும். அது இருந்தா மாவட்ட வன அலுவலர் மட்டத்துலயே முடிவு எடுக்கலாம். டெல்லி வரைக்கும் கோப்பு போக வேண்டியதில்ல. உங்க குழாய்க்கு மரமே வெட்ட வேணாமே, பழைய தடத்துலதானே போகும்.

ஒரு விஷயம் கவனிங்க. இந்தப் பிரிவு காட்டுல வாழுற பழங்குடிகளுக்கும், மூணு தலைமுறை, அதாவது 75 வருஷம் காட்டைச் சார்ந்து அங்கேயே வாழ்ந்த மத்தவங்களுக்கும். உங்க ஊத்துத் தண்ணியைக் குடிக்கிற இருளர், குறும்பர் ஊர் எதாவது இருக்கா?

அப்புறம், இந்தச் சட்டத்துல கிராம சபைன்னா ஊராட்சி முழுக்கக் கூடுற சபைன்னு கட்டாயம் இல்ல. அந்தக் குடியிருப்பே தனியாக் கூடலாம். 2012 திருத்த விதிப்படி பாதிப் பேராவது வரணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்காவது பெண்கள் இருக்கணும். வன உரிமைக் குழுவுல 10 முதல் 15 பேர், மூணுல ரெண்டு பங்கு பழங்குடிகள், மூணுல ஒரு பங்குக்குக் குறையாமப் பெண்கள்.

ஒடிசாவுல நியமகிரி மலையில பாக்சைட் வெட்டலாமான்னு அந்த மலையடிவாரத்து 12 ஊர்ச் சபைகளைக் கேக்கச் சொல்லி 2013 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்துச்சு. பன்னிரண்டும் வேணாம்னு சொல்லுச்சு. வெட்டல. சின்னச் சின்ன ஊர்கள்தான். அந்தச் சபைகளுக்குக் கிடைச்ச அதே சட்டம்தான் நம்ம மலையிலயும் இருக்கு. தமிழ்நாட்டுல ஐந்தாவது அட்டவணைப் பகுதின்னு, அதாவது அரசியல் சட்டப்படி அறிவிச்ச பழங்குடிப் பகுதின்னு, எதுவும் இல்ல, அதனால அப்படிப் பகுதி இருக்கிற மாநிலங்கள்ல பழங்குடி கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தர்ற பெசா சட்டம் நமக்குக் கிடையாது. இருக்கிறது இது ஒண்ணுதான், இதையாவது விடாம பிடிச்சுக்கணும்.


ஹட்டிக்காரன்

அக்கா, ரொம்ப நன்றி. இருக்கு! எங்க ஹட்டிக்குக் கீழ ஒரு இருளர் ஊர் இருக்கு. அதே குழாய்ல இருந்துதான் அவங்களுக்கும் கிளை போகுது. கடைசியில இருக்கிறதால எங்களை விட அவங்களுக்குத்தான் தண்ணி கம்மி. இவ்வளவு நாள் நாங்க எங்க ஹட்டிக்குன்னு மட்டும்தான் கேட்டுட்டு இருந்தோம். நாளைக்கே அவங்க மூப்பனைப் போய்ப் பார்க்கிறேன்.


தேவாலாக்காரி

போங்க தம்பி. ஆனா "கையெழுத்து வேணும்"னு போகாதீங்க. முதல்ல அவங்க தண்ணியைப் பத்திக் கேளுங்க. கூட்டம் அவங்க ஊர்லயே, அவங்க வேலை முடிஞ்ச நேரத்துல நடக்கட்டும். எங்க பக்கம் பல கூட்டத்துல பழங்குடிப் பெண்கள் வந்து பின்னாடி உட்கார்ந்துட்டு, பேசாமலேயே எழுந்து போயிடுவாங்க. மைக்கைக் கையில கொடுத்தாப் பேச மாட்டாங்க. வட்டமா உட்கார்ந்து, மைக் இல்லாம, அவங்க மொழியிலேயே பேசினா நேரம் போறதே தெரியாமப் பேசுவாங்க. பேசுறதை ஒரு ஆள் தமிழ்ல எழுதி, எழுதினதை அங்கேயே படிச்சுக் காட்டணும்.


லைன்வீட்டுப் பிள்ளை

இவ்வளவு பேர் எழுதுறீங்க, எங்களைப் பத்தியும் கொஞ்சம் யோசிங்க. நான் எஸ்டேட் லைன்ல, அதாவது தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டின வரிசை வீட்டுல, பிறந்து வளர்ந்தவன். தாத்தா பாட்டி சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து வந்தவங்க. ஓட்டு இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு. ஆனா ஊராட்சிக்குப் போனா "அது தனியார் எஸ்டேட், எங்க பணத்தைச் செலவு பண்ண முடியாது"ன்னு சொல்றாங்க. நிர்வாகத்தைக் கேட்டா பார்க்கிறோம்னு சொல்லி வருஷம் ஓடுது. லைன்ல கக்கூஸ் கதவு விழுந்து மழைக்காலம் ரெண்டு போயிடுச்சு. சபைக்குப் போன அம்மாவை "நீங்க எஸ்டேட்டுக்காரங்கதானே"ன்னு திருப்பி விட்டிருக்காங்க.


பழைய செயலர்

தம்பி, உங்கள் அம்மாவைத் திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அவர் உறுப்பினர். வீட்டு வரி யார் பெயரில் இருக்கிறது என்பது அங்கே பொருட்டே இல்லை. பட்டியலின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பெயர் வேறு ஊரில் இருந்தால் படிவம் 8 கொடுத்து மாற்றுங்கள், புதிதாகச் சேர்ப்பதற்குப் படிவம் 6.

லைன் வீட்டின் பராமரிப்பு, கழிப்பறை, குடிநீர், 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த காலத்திலிருந்தே நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்குப் புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை, குன்னூரில் அலுவலகம் இருக்கிறது. ஆனால் பொதுப் பாதை, தெருவிளக்கு, அங்கன்வாடி, ரேஷன் கடை, பிள்ளைகளின் பள்ளி இவற்றைச் சபையில் கேட்கலாம். எது யாருடையது என்று பிரித்து இரண்டு மனுவாக எழுதுங்கள். ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதினால் இரண்டு அலுவலகமும் "எங்களுடையது இல்லை" என்று சொல்ல வசதியாகப் போய்விடும்.


லைன்வீட்டுப் பிள்ளை

நன்றிங்க ஐயா. இன்னொரு விஷயமும் சொல்லணும். கிராம சபை கூடுற ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாலும் எஸ்டேட்டுக்குச் சம்பளத்தோட லீவு, 1958 சட்டப்படி. அன்னைக்கு எங்க ஆளுங்க வரலாம். ஆனா சபை நாளாப் புதுசாச் சேர்த்த மார்ச் 22ம் நவம்பர் 1ம் வேலை நாள். பகல் 11 மணிக்குக் கூட்டம் வச்சா இலை பறிக்கிறவங்க எப்படி வருவாங்க? சாயந்திரம் வைக்கச் சொல்லி யாராவது தீர்மானம் போட்டிருக்கீங்களா?


குந்தா மழை

போட்டதாத் தெரியல. ஆனா போட வேண்டிய தீர்மானம். நம்ம ஊர்ல நாலரை மணிக்கெல்லாம் பனி இறங்கிடும், அஞ்சரைக்கு மேல யானை, கரடி பயம். ஞாயித்துக்கிழமையா மாத்திக் கேக்கலாம். அரசாங்கம் சொன்ன தேதியை மாத்த முடியாதுன்னா, எஸ்டேட் ஏரியாவுலயே சுழற்சி முறையில கூட்டம் வைக்கச் சொல்லலாம். ஒரே இடத்துல வைக்காம மாத்தி மாத்தி வைக்கணும்னு அறிவுறுத்தலே இருக்கே.


ஏரிக்கரை · கொடைக்கானல் டவுன்

பச்சை இலை அண்ணன் நம்பிக்கை போச்சுன்னு எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல.

எங்க ஊர் பாதரச விஷயம் எல்லாருக்கும் தெரியும். வெப்பமானித் தொழிற்சாலையோட பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லுல ஒரு பழைய இரும்புக் கடையில கிடந்ததை 2001 மார்ச்சுல ஊர்க்காரங்களும் சூழல் அமைப்புக்காரங்களும்தான் வெளியே கொண்டு வந்தாங்க. அந்த வருஷமே தொழிற்சாலை மூடுச்சு. தொழிலாளர்கள் 2006ல சென்னை உயர் நீதிமன்றம் போனாங்க. 591 பேருக்கு 2016 மார்ச்சுலதான் நிறுவனத்தோட உடன்பாடு ஆச்சு. இடையில எத்தனை பேர் உடம்பு முடியாமப் போனாங்க, எத்தனை பேர் வீட்டுல "விட்டுடு"ன்னு சொல்லியிருப்பாங்க. அவங்க கையில இருந்தது மருத்துவச் சீட்டு, சம்பளச் சீட்டு, மனுவோட நகல், அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் விடாம கூடின கூட்டம். எங்க வீட்டுப் பக்கத்துலயே அந்தக் கூட்டம் நடக்கும், சின்ன வயசுல பார்த்திருக்கேன்.

அண்ணே, நீங்க கொடுத்த மனு எங்க இருக்குன்னு தெரியலன்னீங்க. தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. 10 ரூபாய் கட்டணம், 30 நாள்ல பதில் தரணும். "இந்தத் தேதியில கொடுத்த மனு மேல என்ன நடவடிக்கை, யார் மேசையில எத்தனை நாள் இருந்துச்சு, கோப்புக் குறிப்பு நகல் வேணும்"னு கேளுங்க. வேற ஆபீஸுக்கு அனுப்பிட்டாலும் அவங்களே 5 நாளுக்குள்ள சரியான இடத்துக்கு மாத்தி விடணும். பதில் வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. நடக்குற வேலையை நேர்ல ஆய்வு செய்யவும், போடுற பொருள்ல மாதிரி எடுக்கவும் கூட அந்தச் சட்டத்துல உரிமை இருக்கு. ஹட்டிக்காரன் குழாய் போடும்போது இது உதவும், மெல்லிசான குழாயைப் போட்டுட்டுப் போயிடாம இருக்க.


பச்சை இலை 71

படிச்சேன் தம்பி. மனு நகல் சிலது இன்னும் பீரோவுல இருக்கு. தேடி எடுத்துக் கேட்டுப் பார்க்கிறேன். ஆனா என் கருத்து மாறல: தேர்தல் இல்லாம தனி அலுவலரை வச்சு ஊரை ஓட்டுறது ஜனநாயகம் ஆகாது. ஜனவரி 26 அன்னைக்கு எங்க சபையில "உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்து"ன்னு தீர்மானம் நான் கொண்டு வருவேன். மத்த ஊர்க்காரங்களும் கொண்டு வரணும்.


மேல்மலை விவசாயி

நாங்களும் கொண்டு வர்றோம் அண்ணே. தேர்தல் வந்தா பாதி இடம் பெண்களுக்கு. இப்பவே எங்க மகளிர் குழுவுல நல்லாக் கணக்குப் பாக்குற ரெண்டு மூணு பேரைச் சபையில பேசிப் பழகச் சொல்லிட்டு இருக்கோம். பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்க, அதுல பாதி பெண்கள்ங்கிறதால அங்கதான் முதல்ல பேசக் கத்துக்கிட்டாங்க. பள்ளிக்கூடத்துக்குச் சுத்துச்சுவர் கேட்டு வாங்கினவங்களுக்கு ஊராட்சியில கேக்கப் பயம் இருக்காது.


ஹட்டிக்காரன்

மூப்பனைப் பார்த்துட்டு வந்தேன். அவங்க ஊர்ப் பெண்கள்தான் அதிகம் பேசினாங்க. குழாய் எந்தெந்த இடத்துல போகுதுன்னு எங்களை விட அவங்களுக்கு நல்லாத் தெரியுது. தனியா அவங்க ஊர்ச் சபையும் கூடும். ஊராட்சிச் சபைக்கு எங்க ரெண்டு ஊரும் சேர்ந்து வரும்.

தீர்மான வாசகம் எழுதியிருக்கேன், செயலர் ஐயா பார்த்துச் சொல்லணும்:

"எங்கள் ஊருக்கு நீண்ட காலமாக உள்ள குடிநீர்ப் பிரச்சினையை அரசு உடனடியாகத் தீர்க்க வேண்டும் என்று இச்சபை ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது."


பழைய செயலர்

தம்பி, இப்படி எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டி இருக்காது. எந்த அரசு, எந்த அலுவலகம், எந்தப் பணம், எப்போதுக்குள் என்று அதில் இல்லை. இப்படி மாற்றுங்கள், காலியிடங்களை நீங்கள் நிரப்புங்கள்:

"____ சோலை ஊற்றிலிருந்து ____ ஹட்டிக்கும் ____ இருளர் குடியிருப்புக்கும் வரும் ____ மீட்டர் குடிநீர்க் குழாய் பழுதடைந்துள்ளது. இதை நம்பி ____ வீடுகள் உள்ளன. பழைய தடத்திலேயே, மரம் எதுவும் வெட்டாமல், புதிய குழாய் பதிக்கும் பணியை நடப்பு ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பங்கிலிருந்து சேர்க்க இச்சபை ஒப்புதல் அளிக்கிறது. குழாய் செல்லும் காட்டு நிலத்துக்கு வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2)இன் கீழ் அனுமதி கோரி, இருளர் குடியிருப்புக் கிராம சபையின் பரிந்துரையை இணைத்து, 15 நாட்களுக்குள் மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம் அனுப்பத் தனி அலுவலரைக் கேட்டுக்கொள்கிறது. அனுப்பிய கடிதத்தின் நகலை அடுத்த கிராம சபையில் வைக்க வேண்டும்."

நீளம் தெரியாவிட்டால் கயிறு பிடித்து அளந்துவிடுங்கள், உத்தேசமாக எழுத வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அளக்கப் போகும்போது வனக் காவலரிடம் சொல்லிவிட்டு, முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டே போங்கள். பின்னால் அவர் அறிக்கை எழுதும்போது உதவும்.


தேவாலாக்காரி

குடியிருப்புச் சபை ஜனவரி 26க்கு முன்னாடியே கூடட்டும். அப்பதான் அந்தப் பரிந்துரையை ஊராட்சிச் சபையிலேயே கையோட கொடுக்க முடியும். கையெழுத்தோட பக்கத்துல ஆண், பெண்ணுன்னு தனித்தனியா எழுதுங்க, மூணுல ஒரு பங்கு இருக்கான்னு கேப்பாங்க.


ஹட்டிக்காரன்

சரிங்க அக்கா. ஞாயித்துக்கிழமை அளக்கப் போறோம், மூப்பனும் வனக் காவலரும் வர்றாங்க. செவ்வாய்க்கிழமை மனுவைக் கொடுத்துட்டு ஒப்புகை நகலை இங்கேயே போடுறேன். குந்தா மழை, உங்க பகுதி சபை பத்திச் செயல் அலுவலர்கிட்ட இருந்து என்ன பதில் வந்துச்சுன்னும் எழுதுங்க, பேரூராட்சியில இருக்கிற என் மாமன் வீட்டுக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க.